பளபளா செய்த தொட்டி

கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற அவனுக்குப் பளபளா என்று பட்டம் வைத்தது அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான். தொழில் ஆரம்பித்த புதிதில், அக்காவுக்கென்று ஆசையாக ஒரு அக்ரிலிக் ஸ்டூல் செய்து எடுத்துக்கொண்டு போனான். கண்ணாடியா தண்ணீரா என்று தெரியாத அளவுக்கு அப்படி ஒரு மினுக்கம். மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், கையால் ஒரு அழுத்து அழுத்தினார், அப்புறம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தரையில் இருந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பளபளன்னு நல்லாத்தான் இருக்கு மச்சான். உக்காரத்தான் முடியாது," என்றார். அன்றையிலிருந்து வீட்டில் மட்டுமல்ல, கடைத்தெருவிலும் அவன் பளபளா ஆகிவிட்டான்.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் பரிசோதித்த மனிதர். பஸ் ஓடினால் போதாது, நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். புது நாற்காலி வந்தால் ஆட்டிப் பார்ப்பார், புதுக் கதவு வந்தால் இடித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் எட்டு மாசத்துக்கு முன்னால் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். அது சந்தோஷமா கோபமா என்று அக்காவுக்கு மட்டும் தெரியும், சில நேரம் அவளுக்கும் தெரியாது.

கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டார்கள். முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை. அதற்கு ஒரு சின்ன மோட்டார், இரவும் பகலும் உர்ரென்று ஓடும். மோட்டாரின் வயர் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தது. கட்டிலின் இடதுபக்கம், கை நீட்டும் தூரத்தில் மாமாவின் மீன் தொட்டி. நாலு அடி நீளம். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பதினோரு தங்கமீன்கள். டிப்போவிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு மீன்களோடு அரைமணி நேரம் பேசுகிறவர் அவர். இப்போது பேச்சில்லாமல் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

"ரெண்டு மீன் செத்துப் போச்சுடா. மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு, நான் பசின்னு நினைச்சு இன்னும் தீனி போட்டேன். எடுத்து மறைக்கிறதுக்குள்ள அவர் பாத்துட்டார். நேத்துலேருந்து வாயைத் திறக்க மாட்டேங்குறார். ஸ்பூனைக் கொண்டு போனா பல்லைக் கடிச்சுக்கிறார்."

"ஃபில்டர் ஓடுதா?"

"ஓடுது, ஆனா தண்ணி குழம்பு மாதிரி இருக்கு. மீன் தொட்டிக் கடைக்காரன் வந்து பாத்தான். இந்த சைஸ் மீனுக்கு இந்த ஃபில்டர் எம்மாத்திரம், சம்ப் வைக்கணும்ங்கிறான். வீட்டுக்கு அடியில தோண்டுவாங்களே, அதான்னு நினைச்சு நான் பயந்தே போயிட்டேன்."

"அது இல்லக்கா. பெரிய தொட்டிக்குக் கீழ இன்னொரு சின்னத் தொட்டி. மேல நிரம்பி வழியுற தண்ணி குழாய் வழியா கீழ வரும், பஞ்சு, கல்லு எல்லாம் தாண்டிச் சுத்தமாகி, பம்பு வழியாத் திரும்ப மேல போகும்."

"அதை நீ செய்ய முடியாதா? நாள் முழுக்க அந்த பிளாஸ்டிக்கைத்தானே அறுக்குற? இந்த மீனும் போச்சுன்னா அவர் எதைப் பாத்துக்கிட்டு கிடப்பார் சொல்லு?"

செய்ய முடியாதா என்று அக்கா கேட்டதும் அவன் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது. அந்த ஸ்டூல் உடைந்து பதினைந்து வருஷமாகிறது. அதற்குப் பதில் சொல்ல இன்றைக்குத்தான் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய ஆஸ்பத்திரி போர்டு ஒன்றில் மிஞ்சிய எட்டு மில்லி கன அக்ரிலிக் ஷீட் இருந்தது. அளவை மூன்று முறை எழுதி மூன்று முறையும் சரிபார்த்தான். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம். உள்ளே மூன்று தடுப்பு. கரண்ட் போனால் பம்பு நிற்கும், குழாயில் இருக்கிற தண்ணீரும் மேல் தொட்டியின் விளிம்புத் தண்ணீரும் கீழே இறங்கும். அதற்காக மேலே நாலு விரல் காலியாக இடம் விட்டான். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் அதுதான், நான் விடவில்லை என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

அறுத்த ஷீட்டின் விளிம்பு வெள்ளை வெள்ளையாகச் சொரசொரவென்றிருந்தது. பெயர்ப்பலகைக்காரன் கண்ணுக்கு அது சகிக்காது. காஸ் டார்ச்சை எடுத்து, நீல நெருப்பை விளிம்பின் மேல் ஒரே சீராக ஓட்டினான். நெருப்பு போன வழியெல்லாம் விளிம்பு கண் திறந்தாற்போல் தெளிந்தது. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு எழுத்துக்கும் செய்கிற வேலை, கை தானாகப் போயிற்று. அதற்கப்புறம் பலகைகளை நிறுத்தி, டேப் ஒட்டி, ஊசியில் சால்வெண்ட் எடுத்து இணைப்பில் விட்டான். தண்ணீர் மாதிரியான அந்தத் திரவம் இடுக்கில் சரசரவென்று ஓடி இரண்டு பலகையையும் ஒன்றாக்கியது. இரண்டு நாள் காயவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை.

அக்கா வீட்டில் அதைத் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் வைத்துக் குழாய் மாட்டி, பம்பைப் போட்டபோது, தண்ணீர் சலசலவென்று இறங்கியது. நாலைந்து நாளில் மேல் தொட்டி தெளிந்து மீன்களின் செதில் எண்ணலாம் போலாயிற்று. மாமா சாப்பிட ஆரம்பித்தார்.

"கண்ணாடிக் கடையில வாங்கினது மாதிரியே இருக்குடா," என்றாள் அக்கா. "பாருங்க, உங்க மச்சான் செஞ்சது."

மாமா அலமாரிக்குள் மின்னிக்கொண்டிருந்த விளிம்புகளையே பார்த்தார். "ம்," என்றார்.

"சந்தோஷம் அவருக்கு," என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

அன்றிலிருந்து ஒரு புதுத் தொல்லை ஆரம்பமாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. சுவர்ப் பக்கம் திருப்பினால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்து இழுத்துத் தொட்டிப் பக்கமே திரும்பிக்கொண்டார். மீன் மேல் அவ்வளவு ஆசை என்று அக்கா சிரித்தாள், முதுகைத் துடைக்கும்போது கவலைப்பட்டாள். இடது இடுப்பில் தோல் சிவக்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பளபளா ஷீட் வாங்கப் போனான். ஷீட் கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்து, தான் செய்த தொட்டியின் படத்தைக் காட்டினான்.

"அடேங்கப்பா, விளிம்பு என்னமா மின்னுது!" என்றார் கடைக்காரர். "தீ காட்டினீங்களா?"

"பின்ன? சொரசொரன்னு விட்டா நம்ம பேர் என்னாகிறது?"

"ஒட்டினதுக்கு அப்புறம்தானே காட்டினீங்க?"

"ஒட்டறதுக்கு முன்னாடி."

கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இணைப்பு விளிம்புக்குமா?"

"எல்லா விளிம்புக்கும்தான். ஏன்?"

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? தீ காட்டின விளிம்புக்குள்ள ஒரு இறுக்கம் நின்னுடும். அது மேல சால்வெண்ட் பட்டா உடனே ஒண்ணும் தெரியாது. போகப் போக உள்ளுக்குள்ள முடி முடியா விரிசல் விடும். உங்க எழுத்துக்கு அது ஒரு கவலையே இல்ல, எழுத்து சுவத்துல சும்மா நிக்குது. இது தண்ணியைத் தாங்கணுமே? தண்ணி ஒரு நிமிஷம் விடாம நெருக்கிக்கிட்டே இருக்குமே?"

"எத்தனை நாள் தாங்கும்?"

"அதைக் கடவுள்தான் சொல்லணும். பத்து வருஷமும் நிக்கலாம், நாளைக்கே புட்டுக்கவும் செய்யலாம். எவ்ளோ தண்ணி புடிக்கும்?"

"அறுபது லிட்டர்."

அறுபது லிட்டர் என்று வாயால் சொன்னபோதுதான் அவனுக்கு அந்தக் கூடம் கண் முன்னால் வந்தது. அலமாரி, அதற்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதற்குப் பக்கத்தில் எழுந்திருக்கவும் முடியாத கத்தவும் முடியாத ஒரு மனிதர், தரையில் பாய் போட்டுப் படுக்கிற அக்கா. பத்து மில்லி ஷீட் கேட்டான். சனிக்கிழமைதான் வண்டி வரும் என்றார் கடைக்காரர்.

நேராக அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை வடித்துக் கீழ்த் தொட்டியைக் கழற்றியிருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பழைய ஃபில்டரை அக்கா குப்பையில் போட்டுவிட்டாள், மீன் என்னாகும் என்று ஒரு நினைப்பு. சனிக்கிழமை வரை தாங்கினால் புதிதாக ஒன்று செய்து, இதைவிடப் பெரிசாகச் செய்திருக்கிறேன் என்று சொல்லி மாற்றிவிடலாமே என்று இன்னொரு நினைப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், உடைந்த ஸ்டூல் கிடந்தது. வெட்கம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பதற்கு அந்த வாரம் அவன் ஒரு நல்ல உதாரணம்.

புதன்கிழமை போனான். "தண்ணி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போறேன்க்கா," என்று அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் லைட் அடித்தான். பின்பக்கம், அடி இணைப்பில், மூலையிலிருந்து மூன்று வெள்ளி முடிகள் கிளம்பியிருந்தன. விரலால் தடவினான். வெளியே ஒன்றும் தட்டுப்படவில்லை, உள்ளுக்குள்தான் இருந்தது. விரலை மோந்து பார்த்தான், நக்கியும் பார்த்தான். ஈரமில்லை.

வியாழக்கிழமை போனான். மழை பிடித்திருந்தது. முடிகள் ஐந்தாகியிருந்தன. ஒன்றுக்கு நீளம் ஒரு விரற்கடை.

தலையை வெளியே எடுத்தபோது அக்கா தட்டில் சோறும் பொரித்த முட்டையும் வைத்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ. மழையில நனைஞ்சு வந்திருக்க."

"பசிக்கலக்கா."

"உக்காருடா. உனக்கு ஒண்ணு தெரியுமா, இவர் படுத்த புதுசுல டிப்போவே திரண்டு வந்துச்சு. அப்புறம் பேச்சு வராதுன்னு தெரிஞ்சதும் ஒருத்தர் எட்டிப் பாக்கல. பேசாத மனுஷன்கிட்ட எவ்ளோ நேரம் உக்காருவாங்க, பாவம். நீதான் தினமும் வர்ற. தம்பி வந்திருக்கான்னா எனக்கே கொஞ்சம் தெம்பா இருக்கு."

தண்ணீர் குடித்துக் குடித்துச் சோற்றை இறக்கினான். அவன் கண் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேலேயே இருந்தது.

"அக்கா, அந்த பாக்ஸை மேஜை மேல தூக்கி வைக்கலாமே?"

"வயர் எட்டாதுடா. எதுக்கு?"

"சும்மாத்தான். கால்ல இடறும். நாளைக்கு நீள வயர் கொண்டு வர்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பியபோது மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவன் முகத்தை, அப்புறம் அவன் பார்த்த இடத்தை, அப்புறம் அலமாரியை. டிப்போவில் டிரைவர்கள் அந்தப் பார்வைக்குப் பயப்படுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினான்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பத்தரை மணிக்கு அவன் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணி மேல் நின்று எழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். மதியம் நீள வயரோடு போக வேண்டும் என்று அதை வாங்கிப் பையில் வைத்திருந்தான். போன் அடித்தது.

"என்னால முடியலடா," என்றாள் அக்கா. குரலில் பாதி சிரிப்பு, பாதி அழுகை. "சின்னக் குழந்தைக்கு மேல ஆயிட்டார் உங்க மாமா. காலையிலேருந்து ம் ம்முனு ஒரே சத்தம். டீயா, இல்ல. பெட்பேனா, இல்ல. ஃபேனா, இல்ல. நான் துணி காயப் போட்டுட்டு வர்றதுக்குள்ள, அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குல்ல, அதை வயரோட இழுத்து மேல எடுத்து வயித்து மேல வெச்சுக் கட்டிக்கிட்டு இருக்கார். பிடுங்கப் போனா கையைத் தட்டி விடுறார்."

அவன் ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, தரை ஈரமா இருக்கா?"

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஈரம். சாரல் அடிக்குதுல்ல, நான் ரெண்டு தடவை துடைச்சேன்."

"அது சாரல் இல்ல. நான் சொல்றதைக் கேளு. வாசப் பக்கம் போய் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணு. இப்பவே. தண்ணியில காலை வைக்காம போ."

"கரண்ட் இல்லாட்டி மெத்தை..."

"மெத்தை கிடக்கட்டும்! அணைச்சுட்டுச் சொல்லு."

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் கேட்டது. ஸ்விட்ச் விழுந்த சத்தமும் கேட்டது. அதற்கப்புறம், கட் செய்யாத போனில், தூரத்தில் ஒரு 'ட்டக்' என்ற ஓசையும், தண்ணீர் கொட்டுகிற ஓசையும், அக்கா "ஐயோ" என்றதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

அவன் எப்படி பைக் ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தபோது கூடம் முழுக்கத் தண்ணீர் படர்ந்து, கட்டிலின் நாலு காலும் அதில் நின்றன. பம்பு நின்று மேல் தண்ணீர் இறங்கியதும், ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த பின் இணைப்பு பாரம் தாங்காமல் ஒரு முழத்துக்குத் திறந்துவிட்டது. அக்காவின் பாய் நனைந்து ஊறிக் கிடந்தது. கட்டில் மேல், காற்று இறங்கித் தொய்ந்துகொண்டிருந்த மெத்தையில், மாமா எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவனைக் கண்டதும் கையைத் தளர்த்தினார். பாக்ஸை அவனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீரை வழித்து வெளியே தள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. ஃபில்டர் இல்லாமல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. ஒரு ஜக்கால் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினால் காற்று கலக்கும் என்று சொல்லி அவன் ஊற்ற ஆரம்பித்தான். கை ஓய்ந்ததும் அக்கா வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள்.

"சாரல் இல்லன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அக்கா தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவன் சொன்னான். தீ காட்டியது, ஷீட் கடைக்காரர் சொன்னது, மூன்று முடி ஐந்தானது, சனிக்கிழமை ஷீட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"செவ்வாக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அக்கா ஜக்கை வைத்துவிட்டாள். "அப்ப நீ மாமாவைப் பாக்க வரல. எனக்காகவும் வரல. ஓட்டையைப் பாக்க வந்திருக்க. நான் பைத்தியக்காரி, தம்பி வர்றான் தம்பி வர்றான்னு முட்டை பொரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா."

"இந்தத் தண்ணியில நான் பாயைப் போட்டுப் படுத்திருப்பேன்டா. அந்த மனுஷன் பாத்துக்கிட்டே கிடந்திருப்பார். உனக்கு வெக்கம்."

அவள் ஜக்கை எடுத்து மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மாமா கண் திறந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

சாயங்காலம் மீன் தொட்டிக் கடையிலிருந்து, தண்ணீரில் குமிழி விடுகிற ஒரு காற்று மோட்டார் இரவல் கொண்டுவந்து போட்டான். அதற்குப் பின்னால் மூன்று வாரம், தினமும் காலையில் போய்த் தொட்டியின் பாதித் தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டி, புதுத் தண்ணீர் சுமந்து ஊற்றினான். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தட்டு வராது. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டாள். மாமா மட்டும் தொட்டிப் பக்கம் திரும்பியபடி அவன் வாளியை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். இடுப்பில் சிவந்திருந்த இடம் சின்னப் புண்ணாகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்ப அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

பட்டறையில் பத்து மில்லி ஷீட்டை அறுத்துப் போட்டுவிட்டு, காஸ் டார்ச்சைத் தூக்கிப் பரண் மேல் வைத்தான். கை அதைத் தேடித் தேடிப் போயிற்று. விளிம்பைக் கத்தி முதுகால் சுரண்டினான், உப்புத்தாள் போட்டு நீரில் தேய்த்தான். விளிம்பு மோர் ஊற்றினது போல வெளுத்து மங்கிக் கிடந்தது. ஒட்டினான், ஐந்து நாள் காயவிட்டான், மூலைகளுக்கு உள்ளே முக்கோணச் சட்டம் வைத்து மறுபடி ஒட்டினான். அப்புறம் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைத்தான். சொட்டு விழுந்தால் தாள் காட்டிக் கொடுக்கும். பத்து நாள். தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் டார்ச் லைட்டோடு தரையில் குப்புறப் படுத்துத் தாளைப் பார்ப்பான். வந்த வாடிக்கையாளர் ஒருவர், "என்னங்க பளபளா, உங்க கடைச் சாமான் மாதிரியே இல்லையே?" என்றார். "ஆமாங்க, இல்ல," என்றான்.

பத்தாவது நாள் தாள் காய்ந்தே இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

முதல் காரியமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மாமாவின் தலை உயரத்துக்கு அடித்தான். அப்புறம் புதுத் தொட்டியை அலமாரிக்குள் வைத்துக் குழாய் மாட்டினான். பம்பைப் போடப் போகும்போது மாமா "ம்!" என்று குரல் கொடுத்தார்.

"என்னங்க? டீயா?" என்றாள் அக்கா.

மாமா இடது கையை அலமாரிப் பக்கம் நீட்டினார். எட்டவில்லை. மறுபடி நீட்டினார்.

"கட்டிலைக் கொஞ்சம் தள்ளணுமாம்க்கா," என்றான் அவன்.

மூன்று வாரத்தில் அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை நகர்த்தினார்கள். மாமாவின் கை தொங்கிப் புதுத் தொட்டியின் மேல் விளிம்பைத் தொட்டது. பெருவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பலம் முழுவதும் அந்த விரலுக்கு வந்தது போல நகம் வெளுத்தது. விரலை எடுத்து, மங்கலான விளிம்பின் மேல் முழு நீளத்துக்கும் மெதுவாக ஓட்டினார். அவன் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"பத்து நாள் இது மேலதான் மாமா தண்ணியோட நின்னுச்சு."

மாமா தாளை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

பம்பைப் போட்டான். தண்ணீர் இறங்கியது. மெயினை அணைத்து, கரண்ட் போனால் என்னாகும் என்று காட்டினான். மூன்று தரம் அணைத்தான், மூன்று தரம் போட்டான். நாலு விரல் இடத்தில் இரண்டு விரல்தான் நிரம்பியது.

மணி பன்னிரண்டாயிற்று. மாமாவைப் பக்கம் மாற்ற வேண்டிய நேரம். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வழக்கம்போல் ஒரு மல்லுக்குத் தயாராக வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் திருப்பட்டுமா? இழுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் தோளில் கை வைத்துத் தள்ளினாள். மாமா கட்டில் சட்டத்தைப் பிடிக்கவில்லை. தள்ளிய வேகத்துக்கு உடம்பு லேசாகச் சுவர்ப் பக்கம் உருண்டது. தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அக்கா அப்படியே நின்றாள். புண்ணுக்கு மருந்து போட எடுத்த பஞ்சு கையில் இருந்தது. குனிந்து மருந்தைத் தடவினாள், போர்வையை இழுத்துவிட்டாள். அப்புறம் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது அவ்வளவு அழகா இல்ல," என்றாள்.

"ஆமாக்கா."

"கை கழுவிட்டு வா," என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் தட்டை எடுக்கப் போனாள்.